விண்ணப்பத்துக்கே 4,000 ரூபாய்: சட்டக் கல்வி யாருக்கு?

2024 ஜூலை 30 அன்று உச்சநீதிமன்றம் வரவேற்கத்தக்க தீர்ப்பு ஒன்றை வழங்கியது. சட்டம் படித்து முடித்த இளைஞர்கள் வழக்கறிஞராகப் பதிவுசெய்து கொள்ள, மாநில பார் கவுன்சில்கள் 15,000 ரூபாய் முதல் 42,000 ரூபாய் வரை வசூலித்து வந்தன. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வரையறுத்துள்ள கட்டணமோ 750 ரூபாய் மட்டுமே. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைத் தீர்வை நீங்கலாக இதற்கு மேல் வசூலிக்க பார் கவுன்சில்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் அறுதியிட்டுக் கூறியது. மிகைக் கட்டணம் ஏழைகளையும் விளிம்புநிலை மக்களையும் தொழிலின் வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது என்பதையும் அது ஏற்றுக்கொண்டது.

இந்த நியாயத்தை ஒரே ஒரு படி பின்னோக்கிப் பொருத்திப் பார்ப்போம். வழக்கறிஞராவதற்கு முன் சட்டம் படிக்க வேண்டும். நாட்டின் முதன்மையான சட்டக் கல்வி நிறுவனங்களாகக் கொண்டாடப்படும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான பொதுத் தேர்வு கிளாட். அதற்கு விண்ணப்பிக்க மட்டும் 4,000 ரூபாய் செலுத்த வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் ஆகியோருக்கு 'சலுகை'க் கட்டணம் 3,500 ரூபாய். வழக்கறிஞராகப் பதிவுசெய்ய ஒரு தலித் பட்டதாரியிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். ஆனால், சட்டம் படிக்கலாமா என்று தேர்வெழுதிப் பார்க்க விரும்பும் தலித் மாணவியிடம் அதைப்போல் 28 மடங்கு வசூலிப்பது நிர்வாக நடைமுறை! பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் வேந்தராக இருப்பவர் இந்தியத் தலைமை நீதிபதி என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒரு தொழிலாளிக்கு இந்த விண்ணப்பம் பத்து நாள் உழைப்பு. அவருடைய மகள் தேர்வில் தோற்றாலும் வென்றாலும் அந்தப் பத்து நாள் உழைப்பு திரும்பி வராது.

கட்டணத்தின் படிக்கட்டு

விண்ணப்பம் முதற்படிதான். தேர்வில் வென்றவர் கலந்தாய்வில் பங்கேற்க 30,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. முன்பு இது 50,000 ரூபாயாக இருந்து, எதிர்ப்புக்குப் பிறகே குறைக்கப்பட்டது. இந்தத் தொகை பின்னர் கல்விக் கட்டணத்தில் கழிக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் குறித்த சில நாட்களுக்குள் கையில் ரொக்கமாக அதைத் திரட்ட இயலாத குடும்பத்துக்கு, பின்னர் கழிக்கப்படும் என்ற உறுதிமொழியால் என்ன பயன்?

அடுத்து வருவது ஆண்டுக் கட்டணம். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கல்வி, விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் முதல் நான்கு லட்சம் ரூபாய் வரை ஆகிறது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பத்து முதல் இருபது லட்சம். மாதம் 25 நாட்கள் வேலை கிடைத்தாலும் நாம் மேலே குறிப்பிட்ட தொழிலாளியின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்தான். உண்ணாமல் உடுக்காமல் இரண்டரை ஆண்டுகள் சேமித்தால் மகளின் ஓராண்டுக் கட்டணமான மூன்று லட்சத்தைக் கட்டலாம்!

இவை அரசுச் சட்டங்களால் உருவாக்கப்பட்ட பொதுப் பல்கலைக்கழகங்கள். தனியார் துறையின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஹரியானா மாநிலம் சோனிபட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜிந்தால் சட்டப் பள்ளியில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விடுதிச் செலவு தனி. அங்கு சேர்வதற்கு நீண்ட காலம் அமெரிக்க அமைப்பு ஒன்று வடிவமைத்த தேர்வே வாயிலாக இருந்தது. இந்தத் தனியார் கட்டணத்தைக் காட்டி, 'அதைவிட நாங்கள் மலிவு' என்று பொதுப் பல்கலைக்கழகங்கள் தமது கட்டணத்தை நியாயப்படுத்துகின்றன. நவதாராளமயம் பொதுத்துறைக்கு வகுத்துக் கொடுத்திருக்கும் அளவுகோல் இதுதான்: மக்களின் வருமானத்தோடு கட்டணத்தை ஒப்பிடாதே, சந்தையின் விலையோடு ஒப்பிடு!

இந்த அளவுகோல் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகமே சான்று. 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அதன் சட்டப்புலம், சில ஆயிரம் ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை வழங்கி வந்த நிறுவனம். தலைமை நீதிபதியாக இருந்த சந்திரசூட் உள்ளிட்ட பலர் அங்கு பயின்றவர்களே. அதே பல்கலைக்கழகம் 2023ஆம் ஆண்டு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பைத் தொடங்கியபோது நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 1,90,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களின் மற்ற இளநிலைப் படிப்புகளுக்கு உள்ள பொதுத் தேர்வை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் கிளாட் தேர்வை அதற்கு வாயிலாக வைத்தார்கள். இரண்டு படிப்புகளும் வழக்கறிஞராகத் தொழில் செய்ய ஒரே உரிமையைத்தான் அளிக்கின்றன. கட்டணம் மட்டும் பன்மடங்கு!

'தகுதி' என்னும் சல்லடை

'பணம் ஒருபுறம் இருக்கட்டும், தேர்வு எல்லோருக்கும் பொதுவானதுதானே, தகுதியுள்ளவர் வெல்லட்டுமே' என்று சொல்பவர்கள் உண்டு. இந்தத் 'தகுதி' எதை அளக்கிறது என்று பார்ப்போம்.

கிளாட் தேர்வு 2008ஆம் ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களுடன் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே தேர்வு நடத்தியதால் மாணவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த அலைச்சலை ஒழித்தது நல்ல மாற்றமே. இன்று அது இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள் கொண்ட தேர்வு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டச் சிந்தனை, தர்க்கம், அடிப்படைக் கணக்கு என ஐந்து பகுதிகள். ஐந்துமே நீண்ட ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறையில் அமைந்தவை. கணக்குக்கூட ஆங்கிலப் பத்திக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆக, ஆங்கில நாளேடு வீட்டுக்கு வரும் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்று, லட்சக் கணக்கில் கட்டணம் செலுத்திப் பயிற்சி மையத்துக்குச் சென்றவருக்கு எவ்வளவு வேகமாக ஆங்கிலம் படிக்க வருகிறது என்பதையே இத்தேர்வு முதன்மையாக அளக்கிறது.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை, மாநில உரிமையையும் கிராமப்புற மாணவர்களையும் பாதிக்கிறது என்பதற்காக நாம் எதிர்க்கிறோம். அந்த நீட் தேர்வுகூட 13 மொழிகளில் நடக்கிறது; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அதன் கட்டணம் 1,000 ரூபாய். கிளாட் ஒரே மொழியில் நடக்கிறது. அதே மாணவர்களிடம் 3,500 ரூபாய் வாங்குகிறது. நீட்டைவிட மோசமான ஒரு தேர்வு, நீட்டுக்கு எதிராக எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கு எதிர்ப்பையும் சந்திக்காமல் இத்தனை ஆண்டுகள் நடந்து வந்திருக்கிறது. மாநில மொழிகளில் கிளாட் நடத்தக் கோரி டெல்லி உயர்நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு வழக்குத் தொடரப்பட்டது. இந்திய பார் கவுன்சிலே அக்கோரிக்கையை ஆதரித்தது. ஆயினும் தேர்வை நடத்தும் கூட்டமைப்பு நடைமுறைச் சிக்கல்களைக் காரணம் காட்டியது.

நாட்டின் விசாரணை நீதிமன்றங்கள் எந்த மொழியில் இயங்குகின்றன? சாட்சி தமிழில், இந்தியில், வங்காளத்தில், ஒடியாவில் பேசுகிறார். முதல் தகவல் அறிக்கை மாநில மொழியில் எழுதப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தாய்மொழியில் கதறுகிறார். அந்த மொழியில் சிந்திக்கத் தெரிந்திருப்பது சட்டம் படிக்கத் தகுதி ஆகாதாம்!

சரி, இவர்கள் போற்றும் அந்த அளவுகோலாவது பிழையற்றதா? 2025ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான கிளாட் தேர்வில் தவறான வினா விடைகள் குறித்துப் பல உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. இறுதியில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே தலையிட்டுத் திருத்தங்களுக்கு உத்தரவிட்டது. வினாக்களை அலட்சியமாகத் தயாரிக்கும் போக்கைக் கண்டித்தது. கால் மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கான இடங்கள் முன்னும் பின்னும் நகரும் தேர்வில், விடைத்தாளே தவறு! தகுதியின் பெயரால் இட ஒதுக்கீட்டை ஏளனம் செய்வோர் இதற்கு என்ன சொல்வார்கள்?

இதே தகுதிக் காவலர்கள் பல சட்டப் பல்கலைக்கழகங்களில் நடைமுறையில் உள்ள வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. பன்மடங்கு கட்டணம் செலுத்த இயலுமானால், வெகுவாகக் குறைந்த தரவரிசையும் அங்கு தடையாவதில்லை. மருத்துவச் சேர்க்கையில் இத்தகைய ஒதுக்கீட்டைத் தூரத்து உறவினர்களுக்கும் விரிவாக்கிய பஞ்சாப் அரசின் முயற்சியை 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மோசடி என்றே வர்ணித்தது. சாதியால் ஒடுக்கப்பட்டவருக்கு இடம் தந்தால் தரம் கெடும், டாலர் தருபவருக்கு இடம் தந்தால் தரம் கெடாது என்பதே ஆளும் வர்க்கத்தின் தகுதிக் கோட்பாடு.

தேசியமா, மாநிலமா?

இந்த நிறுவனங்களின் பெயரில் 'தேசிய' என்ற சொல் இருக்கிறது. ஆனால் இவை ஒவ்வொன்றும் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானவை. பெங்களூரு சட்டப் பள்ளி 1986ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1988இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பின்னர் போபால், ஐதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர் என்று தொடங்கி, திருச்சிராப்பள்ளி வரை இம்மாதிரி பரவியது. நிலமும் தொடக்க நிதியும் மாநில அரசுகள் தந்தன. அதன் பிறகு பெரும்பாலானவை தம் செலவைக் கட்டணத்திலிருந்தே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டன. ஐ.ஐ.டி.களைப் போல ஒன்றிய அரசின் தொடர் நிதி இவற்றுக்கு இல்லை. கட்டண உயர்வுக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

இந்த இரட்டை நிலை நிர்வாகங்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. ஒன்றிய அரசுக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிக் கேட்டால், 'நாங்கள் மாநிலச் சட்டத்தால் அமைந்தவர்கள்' என்பது பதில். அதனால் பெங்களூரு சட்டப் பள்ளியில் பல்லாண்டுகள் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடே இல்லாத நிலை நீடித்தது. மறுபுறம், கர்நாடக மாணவர்களுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கி அம்மாநில அரசு 2020இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது, நிறுவனத்தின் தேசியத் தன்மை சுட்டிக்காட்டப்பட்டு, உயர்நீதிமன்றத்தில் அத்திருத்தம் ரத்து செய்யப்பட்டது. ஆக, சமூகநீதி என்று வந்தால் மாநில நிறுவனம். மாநில உரிமை என்று வந்தால் தேசிய நிறுவனம். நிதி என்று வந்தால் எவருடைய நிறுவனமும் அல்ல!

தேர்வை நடத்தும் கூட்டமைப்பும் நாடாளுமன்றம் உருவாக்கிய அமைப்பு அல்ல. 2017இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். அனைவருமே சலுகைக் கட்டணம்தான் செலுத்தினார்கள் என்று கொண்டால்கூட 17 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டு மணி நேரத் தேர்வு ஒன்றுக்கு இவ்வளவு எதற்கு? 2020இல் கொரோனா காலத்தில் பெங்களூரு சட்டப் பள்ளி கிளாட்டிலிருந்து விலகித் தனித் தேர்வு அறிவித்தபோது அதற்கு நிர்ணயித்த விண்ணப்பக் கட்டணம் 150 ரூபாய். வீட்டில் கணினியும் தடையில்லா இணையமும் உள்ளவர்களுக்கு மட்டுமே உகந்த அந்தத் தேர்வை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது சரியே. தேர்வு மையங்கள் இல்லாததால் அதன் செலவு குறைவு என்றும் சொல்லலாம். ஆனாலும் 150க்கும் 4,000க்கும் இடையே உள்ள தொலைவு தேர்வு மைய வாடகையால் மட்டும் நிரம்பிவிடாது.

கடனாளி யாருக்காக வாதாடுவார்?

'மேட்டுக்குடிக் கல்லூரிகளின் கட்டணம் பற்றித் தொழிலாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும்' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடை, படிப்பு முடிந்த மறுநாள் கிடைக்கிறது.

ஒரு மாணவர் 15 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெற்றுப் படிக்கிறார் என்று கொள்வோம். 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறக்குறைய 19,800 ரூபாய். இளம் வழக்கறிஞர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை வழங்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது. அது வெறும் பரிந்துரை. அது முழுமையாக நிறைவேறினாலும், நகரத்து இளம் வழக்கறிஞரின் கையில் தவணை போக மிஞ்சுவது 200 ரூபாய். கிராமத்தில் பணியாற்றுபவருக்கு மாதம் 4,800 ரூபாய் பற்றாக்குறை. இந்த நிலையில் அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வருவாரா, கார்ப்பரேட் சட்ட நிறுவனத்துக்குப் போவாரா? தனிமனிதரின் பேராசையை இங்கு பழிப்பதில் பொருளில்லை. கட்டணத்தை நிர்ணயித்த அன்றே அவருடைய கட்சிக்காரர் யார் என்பதும் நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. பொதுநிலத்தில், பொதுச்சட்டத்தால் எழுந்த பல்கலைக்கழகங்கள் முதலாளிகளின் ஒப்பந்தங்களை எழுதித் தருவோரைப் பயிற்றுவிக்கும் பட்டறைகளாக மாறியது இப்படித்தான்.

மறுபுறம் யாருக்கு வழக்கறிஞர் தேவைப்படுகிறார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

இனி நீதிபதிகளின் இருக்கையைப் பார்ப்போம். 2018 முதல் 2023 ஜூலை வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் 458 பேர் பொதுப் பிரிவினர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பட்டியல் சாதியினர் 18 பேர். பழங்குடியினர் 9 பேர். இதர பிற்படுத்தப்பட்டோர் 72 பேர். குற்றவாளிக் கூண்டில் ஒரு இந்தியா, நீதிபதியின் இருக்கையில் இன்னொரு இந்தியா. இந்தப் பிளவுக்கு நியமன முறை உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. ஆனால், நாளைய நீதிபதிகள் இன்றைய சட்ட மாணவர்களிலிருந்தே வர வேண்டும். வாயிலில் 4,000 ரூபாயும் உள்ளே 15 லட்சமும் கேட்கும் கல்வி முறை அந்தப் பிளவை அடுத்த தலைமுறைக்கும் உறுதிசெய்கிறது.

மாற்று உண்டு, முன்பே இருந்தது

மலிவான சட்டக் கல்வி தரம் குறைந்தது என்ற பொய்யை வரலாறு ஏற்பதில்லை. சென்னை சட்டக் கல்லூரியில் பயின்ற வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1938 முதல் தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடினார். 1957இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் பணியாற்றினார். 1973இல் உச்சநீதிமன்ற நீதிபதியானார். இலவச சட்ட உதவி குறித்த குழுவுக்குத் தலைமையேற்றவரும் அவரே. மும்பை அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக 1935இல் பொறுப்பேற்றவர் அண்ணல் அம்பேத்கர். அரசு சட்டக் கல்லூரிகளின் மரபு இது.

தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் 69 விழுக்காடு இட ஒதுக்கீடுமே அடிப்படை. கட்டணமும் உழைக்கும் குடும்பங்களுக்கு எட்டக்கூடியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அங்கிருந்து நீதிமன்றங்களுக்கு வருகிறார்கள். இக்கல்லூரிகளில் ஆசிரியர் பற்றாக்குறை, நூலக வசதியின்மை போன்ற குறைகள் உண்டு; அவற்றுக்கு எதிராகவும் போராட வேண்டும். அரசுக் கல்லூரிகளைப் பட்டினி போட்டுவிட்டு, அவை மெலிந்திருக்கின்றன என்று பழிப்பவர்களின் வாதத்தை நாம் ஏற்கலாகாது.

'ஏழை மாணவர்களுக்குத்தான் உதவித்தொகை இருக்கிறதே' என்பது நிர்வாகங்களின் கடைசிக் கேடயம். உதவித்தொகை, சேர்ந்த பிறகு கிடைப்பது. 4,000 ரூபாயைக் கண்டு விண்ணப்பிக்காமலே நின்றுவிட்ட மாணவி எந்த உதவித்தொகைப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார். கல்வி உரிமையாக இருக்க வேண்டிய இடத்தில் கருணையை வைத்து, அந்தக் கருணைக்கும் விண்ணப்பக் கட்டணம் கேட்கிறார்கள்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. கிளாட் விண்ணப்பக் கட்டணம், வழக்கறிஞர் பதிவுக் கட்டணத்தை விஞ்சக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி, வறிய குடும்ப மாணவர்களுக்கு அது முற்றிலும் நீக்கப்பட வேண்டும். தேர்வு, எட்டாவது அட்டவணையின் மொழிகள் அனைத்திலும் நடத்தப்பட வேண்டும். தனிச் சங்கத்தின் கையிலிருக்கும் தேர்வு, மக்கள் மன்றங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அனைத்துத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களிலும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். பணத்துக்கு இடம் விற்கும் ஒதுக்கீடுகள் ஒழிக்கப்பட வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகள் தொடர் நிதி வழங்கிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். இளம் வழக்கறிஞர்களின் உதவித்தொகை, பரிந்துரை என்ற நிலையிலிருந்து சட்டக் கடமையாக்கப்பட வேண்டும்.

மாணவர் அரங்கமும் வழக்கறிஞர் அரங்கமும் தனித்தனியே எழுப்பி முடிக்கக்கூடிய கோரிக்கைகள் அல்ல இவை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்துத் தெருவில் நிற்கும் தொழிற்சங்கம், நாளை அதே தொகுப்புகளை எதிர்த்து நீதிமன்றத்திலும் நிற்க வேண்டியிருக்கும். அன்று நம் பக்கம் எழுந்து வாதாட ஒருவர் வேண்டும். அவர் இன்று எங்கோ ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சட்டக் கல்விக்கும் இடையே நிற்கும் கட்டணச் சுவரை இடிக்கும் பணியை ஒவ்வொரு கிளையும் தன் பணியாக ஏற்க வேண்டும்.